நாற்பதாவது சுற்று

எந்தச் சுற்றில் நிறுத்துவது என்பதைப் படத்தைத் திறப்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். என் வேலை நோட்டின் முதல் பக்கத்தில் ஒன்பது விதிகள் இருக்கின்றன. இது ஆறாவது. மற்ற எட்டையும் நான் நீல மையில் எழுதினேன். ஆறாவதை மட்டும் என் நெறியாளர் அம்மையார் நோட்டை வாங்கி, தன் பேனாவால் கறுப்பில் எழுதினார். "எல்லாரும் மீறுறது இத ஒண்ணைத்தான். நீயும் மீறுவே" என்றார்.

நான் செய்வது விண்மீன் படங்களைத் தெளிய வைக்கும் வேலை. கடல் கடந்த ஒரு மலையின் மேல் இருக்கும் தொலைநோக்கியில் எடுத்த படங்கள். விண்மீனின் ஒளி எத்தனையோ காலம் குலையாமல் வந்து, கடைசியில் நம் காற்றுக்குள் நுழைந்ததும் குலைந்துவிடுகிறது. திற்பரப்பில் அருவிக்குக் கீழே தேங்கிய தண்ணீரில் கிடக்கும் கூழாங்கல் நெளிவதுபோல. அந்த நெளிவை அளந்து, ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான முறை தன் உருவத்தை மாற்றி அதைச் சரிக்கட்டுகிற மெல்லிய கண்ணாடி ஒன்று அந்தத் தொலைநோக்கிக்குள் இருக்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு அடாப்டிவ் ஆப்டிக்ஸ் என்று பெயர். பெரும்பகுதி நெளிவை அந்தக் கண்ணாடியே எடுத்துவிடும். மிச்சக் கலங்கலை எடுப்பது எங்கள் பாடு.

அதற்கு, அதே நேரத்தில் தனியாக நிற்கும் இன்னொரு விண்மீனையும் படமெடுத்துக்கொள்வோம். அது வெறும் புள்ளியாகத் தெரிந்திருக்க வேண்டும். அப்படித் தெரியாது, மை கலைந்ததுபோல இழுகியிருக்கும். ஒரு புள்ளி எப்படி இழுகுகிறது என்று தெரிந்துவிட்டால், மற்றப் படத்திலிருந்து அந்த இழுகலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்கலாம். ஒரு சுற்றில் கிடைத்த விடையை வைத்து அடுத்த சுற்று. பத்தாவது சுற்றில் தெளியத் தொடங்கும். முப்பது நாற்பதில் ஒட்டிக் கிடந்த இரண்டு விண்மீன்கள் பிரிந்து நிற்கும். அதற்கு மேலும் ஓட்டிக்கொண்டே போனால், படத்தில் தற்செயலாக விழுந்த வெறும் இரைச்சல் புள்ளிகளையும் இழுகிப்போன ஏதோ ஒன்று என்று கணக்கு எடுத்துக்கொண்டு, சிதறலைக் கூட்டிக் குவித்து அங்கேயும் ஒரு விண்மீனைக் காட்டும். இருநூறு சுற்றில் ஒன்றுமில்லாத வானத்திலும் விண்மீன் முளைக்கும். உண்மையானதைவிட அது கூர்மையாக இருக்கும். அதனால்தான் ஆறாவது விதி. முதலில் எண், பிறகு படம்.

இதையெல்லாம் அம்மா தன் போக்கில் ஒரு வரியாக்கி வைத்திருந்தாள். எங்கள் கடற்கரையில் விண்மீனுக்கு வெள்ளி என்றுதான் பெயர். யாராவது கேட்டால், "இளையவ வெள்ளிக்குக் கண்ணாடி மாட்டி விடுதா" என்பாள். ஊருக்கும் அதுவே போதுமானதாக இருந்தது.

அக்காவின் கணவர் ஆழ்கடல் போட்டில் போகிறவர். 2011-இல் அவரும் இரண்டு கூட்டாளிகளும் சேர்ந்து சொந்தமாக ஒரு போட்டு வாங்கினார்கள். பங்குச் சாமியாரின் மந்திரிப்புக்காக அதை எங்கள் ஊர்க் கடலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். சின்ன வள்ளத்தில் ஏறிப் போய்ப் பார்த்தோம். பக்கவாட்டில் ஒரு மாதா பெயரை மஞ்சள் பெயிண்டில் எழுதியிருந்தது. பெயரின் கடைசி எழுத்து புள்ளி வைத்த எழுத்து. பெயிண்டர் அங்கே புள்ளிக்குப் பதிலாக ஐந்து முனையுள்ள ஒரு வெள்ளியை வரைந்து வைத்திருந்தார், ஒரு சாண் அகலத்தில்.

"அத்தான், இது பிழை" என்றேன். "புள்ளி வெக்க வேண்டிய இடத்துல வெள்ளிய வெச்சா எப்பிடி வாசிக்கது?"

"மக்கா, உனக்க வெள்ளியெல்லாம் தூரத்துல கெடக்கு. எனக்க வெள்ளி ஒண்ணு பக்கத்துல கெடக்கட்டும்."

"டீச்சர் பாத்தா மார்க்கு கொறைப்பாவ."

"கொறைக்கட்டு. மீனு என்ன எழுத்துக்கூட்டி வாசிச்சிட்டா வலையில ஏறப்போவுது?"

அக்கா எங்கள் இருவரையும் முறைத்தாள். "ரெண்டும் செத்த நேரம் வாய மூடுதியளா? சாமி தீர்த்தம் தெளிக்கப் போறாவ."

நான் அந்த எழுத்தை மட்டும் நெருங்கி நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டேன். விடுதியில் தோழிகளிடம் காட்டிச் சிரிப்பதற்காக. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும், "பிழை திருத்தியாச்சா அத்தான்?" என்று கேட்பேன். அவரும் ஒவ்வொரு முறையும் ஒரு சாக்குச் சொல்வார். பெயிண்டருக்குக் காய்ச்சல், பெயிண்டு காயவில்லை, மாதாவுக்கு வெள்ளி பிடித்துப்போய்விட்டது.

போட்டு கொச்சியில்தான் கிடக்கும். எங்கள் பக்கத்து ஆட்கள் ரயிலேறி அங்கே போய், அங்கிருந்து கடலுக்குப் போவார்கள். இருபது, இருபத்தைந்து நாள் கழித்துக் கரை திரும்புவார்கள். 2013 செப்டம்பர் தொடக்கத்தில் அத்தானோடு சேர்த்து ஒன்பது பேர் போனார்கள். மூன்றாம் வாரத்தில் இன்னொரு போட்டோடு வயர்லெஸ்ஸில் பேசியிருக்கிறார்கள். அதன்பின் பேச்சு இல்லை.

நான் மடிக்கணினியோடு ஊருக்கு வந்தேன். அந்த நாட்களில் செய்தவற்றையெல்லாம் பட்டியலாக எழுதி வைத்திருந்தேன். எந்த அலுவலகத்துக்கு எந்த மனு, எந்த நாளில், யார் என்ன சொன்னார்கள் என்று. மூன்று பக்கம் வரும். நாகர்கோவிலுக்குப் போய்வந்த பஸ் டிக்கெட்டுகளைக்கூட ஒட்டி வைத்திருந்தேன். பட்டியலின் கடைசி வரி, தேடுதல் நிறுத்தப்பட்டது. அன்றிலிருந்து அம்மா அடுப்பு பற்ற வைக்கவில்லை. அப்பா இல்லாத வீடு எங்களுடையது. பக்கத்து வீட்டிலிருந்து சோறு வந்தது. அக்கா தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள், துணி இல்லாமல்.

நவம்பர் எங்களுக்கு மரித்தோர் மாதம். மாதக் கடைசி ஞாயிறன்று ஒன்பது பேருக்கும் சேர்த்து மரித்தோர் பூசை வைத்துவிடலாம் என்று பங்குத்தந்தை சொன்னார். யாரும் ஒத்துக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

அந்த வாரம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். அவர் வேறு போட்டில் போனவர். கடலில் ஒரு போட்டைப் போனில் படமெடுத்திருந்தார். தேதி பார்த்தேன். அத்தான் கடைசியாகப் பேசியதற்கு ஒன்பது நாள் பிந்தியது.

"எஞ்சின் நின்னுபோன மாதிரி சும்மா ஆடிக்கிட்டு கெடந்தது. வயர்லெஸ்ஸுல விளிச்சோம், பதில் இல்ல. பக்கத்துல போவலாம்ணு திருப்பினோம், அதுக்குள்ள மழை வந்து மறைச்சிட்டு. இப்ப ஊருக்கு வந்த பொறவுதான் உங்க போட்டு சங்கதி கேட்டது." தயங்கிவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க வெள்ளிப் படத்தையெல்லாம் தெளிய வெப்பியளாமே. இதையும் ஒருக்கா பாக்கக் கூடாதா?"

படத்தில் சாம்பல் கடல், சாம்பல் வானம், நடுவே நகத்தளவு ஒரு போட்டு. பக்கவாட்டில் மஞ்சளாக ஒரு தீற்றல், எழுத்தாக இருக்கலாம். அப்படி மஞ்சளில் எழுதிய போட்டுகள் எங்கள் கடலில் எத்தனையோ.

வேலையில் நான் செய்வதை அப்படியே செய்தேன். போட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வெள்ளை மிதவை தண்ணீரில் கிடந்தது. அதைத் தனி விண்மீனாக வைத்துக்கொண்டேன். அந்தப் போன் ஒரு புள்ளியை எப்படி இழுக்கும் என்பதை அது சொல்லும். நோட்டில் தேதி போட்டு, நிறுத்தும் சுற்று: 40 என்று எழுதினேன். பிறகு ஓட்டினேன்.

நாற்பதில் போட்டின் விளிம்பு தெளிந்தது. முன்பக்கம் ஏதோ ஒரு கறுப்பு நிற்பது தெரிந்தது. மஞ்சள் தீற்றல் எழுத்துகள்தான் என்று சொல்லலாம்போல இருந்தது. என்ன எழுத்துகள் என்று சொல்ல முடியவில்லை.

பக்கத்து அறையில் அக்கா இருமினாள். நான் நோட்டில் அந்த 40-ஐ அடித்துவிட்டேன்.

எழுபது. நூறு. நூற்று முப்பது. நான் எதைத் தேடுகிறேன் என்று எனக்குத் தெரியும். கடைசி எழுத்தின் தலையில் ஒரு கூரான வெளிச்சம். ஒரு சாண் அகலமுள்ள வெள்ளி அந்தத் தூரத்தில் ஒரு பிக்சலில் கால்வாசிகூட வராது. அதுவும் எனக்குத் தெரியும். நோட்டில் கணக்குப் போட்டும் வைத்திருக்கிறேன், இன்றைக்கும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. நூற்று எழுபதாவது சுற்றில், தீற்றல் முடிகிற இடத்துக்கு மேலே ஒரு புள்ளி முளைத்தது. பளிச்சென்று, தனியாக. நிறுத்தினேன்.

மத்தியான வெயில் ஜன்னல் வழியே திரையில் விழுந்தது. அம்மாவையும் அக்காவையும் கூப்பிட்டு ஜன்னலைச் சாத்தினேன். "வெள்ளி இருக்கு" என்றேன். "அத்தான் போட்டுதான். ஒன்பது நாள் கழிச்சும் மிதந்துகிட்டுதான் இருந்திருக்கு."

அக்கா குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "இதா வெள்ளி?"

"ஆமா."

"நல்லா தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். "செரி" என்றாள். நான் அதை நிம்மதி என்று எடுத்துக்கொண்டேன். அம்மா எழுந்து அடுக்களைக்குப் போனாள். "அரிசி எந்தப் பாத்திரத்துல ஏட்டி வெச்சிருக்க?" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது. பதினாறு நாளுக்குப் பிறகு.

சாயங்காலத்துக்குள் மற்ற எட்டு வீடுகளுக்கும் செய்தி போய்விட்டது. பூசை தள்ளிப்போனது. மார்த்தாண்டத்தில் ஒரு ஸ்டூடியோவில் அந்தப் படத்தைப் பெரிதாக அச்செடுத்துக் கொடுத்தேன். அக்கா அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, எட்டு வீட்டுப் பெண்களோடு ஒவ்வொரு அலுவலகமாகப் போனாள். எங்கோ கரை ஒதுங்கியிருப்பார்கள், எந்த நாட்டிலாவது பிடித்து வைத்திருப்பார்கள் என்று ஊர் பேசியது. நான் வேலைக்குத் திரும்பினேன். அங்கே யாரிடமும் இதைச் சொல்லவில்லை. நெறியாளர் அம்மையாரிடம்கூட. செய்தது தவறு என்பதற்கு அதுவே எனக்கு ஒரு அடையாளமாகப் பட்டிருக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு ஏப்ரலில், ஒரு விண்மீன் கூட்டத்தின் படத்தில் யாரும் குறிக்காத ஒரு மங்கலான விண்மீனைக் கண்டு, உற்சாகமாகப் போய் அம்மையாரிடம் காட்டினேன். அவர் பார்க்கக்கூட இல்லை. "வெறும் வானத்தை வெட்டி எடுத்து, அதே சுற்றுக்கு ஓட்டிப் பாத்தியா?" என்று கேட்டார். அது விதிகளில் எட்டாவது. ஓட்டினேன். வெறும் வானத்திலும் அதேபோல ஒன்று முளைத்தது.

என் மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். போட்டுப் படத்தைத் திறந்தேன். போட்டுக்கு வெகுதூரத்தில் வெறும் கடலை மட்டும் ஒரு துண்டு வெட்டி நூற்று எழுபது சுற்று ஓட்டினேன். ஒரு வெள்ளி. இன்னொரு துண்டு, இரண்டு வெள்ளி. பன்னிரண்டு துண்டு வெட்டினேன். ஒன்றே ஒன்று மட்டும்தான் வெறுமையாக இருந்தது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு, ஒருவேளை, ஒருவேளை என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஊருக்குப் போகும் ரயில்களைப் பார்த்துக் குறித்து வைத்தேன்.

ஊருக்குப் போக மே மாதக் கடைசி ஆகிவிட்டது. டிக்கெட் கிடைக்கவில்லை என்று நான் வீட்டில் சொன்னது பொய்.

பள்ளி திறக்கிற நேரம். அக்காவின் மெஷினைச் சுற்றிச் சீருடைத் துணி குவிந்து கிடந்தது. அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். நான் ரயிலில் எழுதி வந்த தாளில் ஐந்து குறிப்புகள் இருந்தன. என்ன வரிசையில் சொல்வது, எதை முதலில் சொல்லக் கூடாது என்றெல்லாம். தாளை எடுக்காமலே சொன்னேன்.

"அக்கா, அந்தப் படத்துல வெள்ளி இல்ல."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பாவாடையின் கீழ் மடிப்பு முடிகிறவரை ஓட்டிவிட்டு நிறுத்தினாள்.

"நான்தான் உண்டாக்கினேன். வேணும்ணு இல்ல. ஆனா நான்தான். நாப்பதுல நிறுத்தியிருக்கணும். வெள்ளி வாறது வரைக்கும் ஓட்டிட்டேன். வெறுங்கடல வெட்டி ஓட்டினாலும் வெள்ளி வருது."

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "தெரியும்."

"என்ன தெரியும்?"

"வெள்ளி இல்லண்ணு. நீ காட்டின அண்ணைக்கே தெரியும்."

அவள் அடுத்த பாவாடையை எடுத்து மடியில் விரித்தாள்.

"கெளம்புறதுக்கு மொத நாளு உனக்க அத்தான் போன்ல விளிச்சாவ. எழுத்தெல்லாம் மங்கிப் போச்சு, நானே ஒருக்கா மேல பூசினேன்ணு சொன்னாவ. 'அந்த வெள்ளிய அழிச்சிட்டு நல்ல வட்டமா புள்ளி வெச்சிட்டேன், உனக்க தங்கச்சிட்ட சொல்லு, பிழை திருத்தியாச்சு, வந்து பாத்து மார்க்கு போடட்டும்'ணு."

தரையில் கிடந்த துணிக்குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"துணி கசங்கும், எழும்பு" என்றாள். நான் எழும்பவில்லை. அவளும் மறுபடி சொல்லவில்லை.

"ஏன் அண்ணைக்குச் சொல்லல்ல?"

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள அம்மா எழும்பி அடுக்களைக்குப் போயிட்டா. அரிசி எங்கண்ணு கேக்கா. அப்போ எப்பிடிச் சொல்ல? சாயங்காலம் பாத்தா எட்டு வீட்டுலயும் விளக்கு வெச்சிருக்கு." ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள். நூல் காதில் ஏறவில்லை. "பொறவு எனக்கே ஒரு சந்தேகம் வந்திட்டு. மேல பூசினாலும் அடியில உள்ள பெயிண்ட் போவாதுல்லா. இவ படிச்சவ, இவளுக்க மெஷினு அடியில கெடக்கதையும் காட்டுமா இருக்கும்ணு. உனக்கு போன் பண்ணிக் கேக்கலாம்ணு நெறய தடவ எடுத்தேன். நீ காட்டாதுண்ணு சொல்லிட்டா என்ன செய்ய?"

"காட்டாது" என்றேன்.

"இப்ப தெரியுது."

ஊசியை அவள் கையிலிருந்து வாங்கி நூல் கோத்துக் கொடுத்தேன். அவள் தைக்கவில்லை. மெஷினின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அழும்போது சத்தம் வராமல் இருக்க அவள் அந்த எட்டு மாதத்தில் பழகியிருந்தாள் என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

அம்மாவிடம் அன்றைக்கே சொன்னோம். மறுநாள் காலையில் எட்டு வீடுகளின் பெயர்களைத் தெருவாரியாக எழுதிக்கொண்டு கிளம்பினேன். தனியாகப் போவதாகத்தான் இருந்தேன். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். முதல் வீட்டில் சாயா கொடுத்தார்கள், குடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது வீட்டில், போனவனின் தாய், "அப்போ எதுக்குட்டி தெரியும்ணு சொன்னே?" என்று கேட்டாள். எட்டு வீட்டில் அவள் ஒருத்திதான் கேட்டாள். நான் ஆறாவது விதியை விளக்கத் தொடங்கினேன். அக்கா என் கையை அழுத்தினாள். "தப்பா சொல்லிட்டேன்" என்றேன். அந்த அம்மாள் கதவைச் சாத்தவும் இல்லை, எங்களை உட்காரச் சொல்லவும் இல்லை. கடைசி வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாங்கள் சொல்லி முடித்த பிறகும் அதை யாரும் அணைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை நடந்தது. மழை தொடங்கிவிட்டிருந்தது. ஒன்பது பெயர்களையும் வாசித்தார்கள். அத்தான் பெயர் ஆறாவதாக வந்தது. அதை நான் எண்ணியிருக்க வேண்டியதில்லை.

வேலைக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் அக்கா கேட்டாள். "நாப்பதுல நிறுத்தினா என்ன தெரியும்?"

"ஒரு போட்டு. எழுத்து இருக்குண்ணு தெரியும், என்ன எழுத்துண்ணு தெரியாது. முன்னால கறுப்பா ஒண்ணு நிக்கும்."

"ஆளா?"

ஆமாம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

"தெரியல்ல அக்கா. மீன்பெட்டியாவும் இருக்கலாம்."

"ஆளா இருந்தா அவன் எந்த ஊருக்காரனோ. வீட்டுக்குப் போய்ச் சேந்திருப்பான், என்ன?"

"தெரியல்ல."

"செரி. அந்தப் படத்தை எனக்கு எடுத்துத் தா."

மார்த்தாண்டத்தில் அதே ஸ்டூடியோவுக்குப் போனேன். கடைக்காரர் என்னை ஞாபகம் வைத்திருந்தார். திரையில் படத்தைத் திறந்தவர் நெற்றியைச் சுருக்கினார்.

"போன தடவ எடுத்தது இதைவிட நல்ல தெளிவால்லா இருந்தது? அதையே எடுத்துத் தரட்டா?"

"வேண்டாம்" என்றேன். "இதே போதும்."